ஏழாம் நம்பர் தீ

செந்தட்டிவிளைத் தீயணைப்பு நிலையத்தில் பதினேழு பேர் இருக்க வேண்டிய இடத்தில் ஐந்து பேர் இருந்த பங்குனி மாதத்தில்தான் தீ காத்திருக்கத் தொடங்கியது. முதல் நாள் தெற்குவிளையில் ஒரு வைக்கோல் படப்பு பற்றிக்கொண்டதாகத் தொலைபேசி வந்தபோது, இருந்த ஒரே வண்டி இருபது கிலோமீட்டர் தள்ளி ஒரு கிணற்று மேட்டில் நின்றது; உள்ளே விழுந்த பசு மேலே வர மறுத்தது, கயிறு ஒருமுறை அறுந்தது, மாட்டுக்காரர் போன நான்கு பேரையும் மாற்றி மாற்றித் திட்டினார். ஒருவழியாக மாட்டைத் தூக்கி நிறுத்திவிட்டு அங்கிருந்து கிளம்பி, பாதி வழியில் ரயில்வே கேட்டில் நின்று, படப்புக்குப் போய்ச் சேர இரண்டே முக்கால் மணி நேரம் ஆனது. சாம்பலை நனைத்துவிட்டு வசவு வாங்கிக்கொண்டு திரும்ப வேண்டியதுதான் என்று முன்னணித் தீயணைப்பாளர் ஞானசிகாமணி நினைத்துக்கொண்டே இறங்கினார். படப்பு முழுதாக இருந்தது. அதன் உச்சியில் ஓர் ஆள் உயரத்துக்குத் தீ நின்றுகொண்டிருந்தது, சூடாக, வெளிச்சமாக, ஒரு வைக்கோலைக்கூடத் தின்னாமல். வண்டியை நிறுத்தி ஹோஸை உருட்டிவிட்ட கணத்தில், நிறுத்தத்தில் உட்கார்ந்திருப்பவர் பஸ்ஸைக் கண்டதும் எழுந்திருப்பதுபோல அது எழுந்தது. எழுந்து, எல்லாத் தீயையும் போல எரியத் தொடங்கியது. அவர்கள் கால் மணி நேரத்தில் அணைத்தார்கள். பாதிப் படப்பு மிஞ்சியது.

“நல்ல தீ” என்றார் ஓட்டுநர் மீரான், வண்டியில் ஏறும்போது. ஞானசிகாமணி ஏற்கெனவே தூங்கியிருந்தார்.

பிறகு வந்த தீயெல்லாம் அப்படியே நின்றது. நிலையத்துக்குக் கூப்பிட்டுச் சொல்லி, பதிவேட்டில் நம்பர் ஏறிய தீ மட்டுமே காத்திருக்கும் என்பதும், அப்படிக் காத்திருக்கும் தீ மேல் ஊரார் எத்தனை குடம் ஊற்றினாலும் அது நனையாது என்பதும், காக்கிச்சட்டைக்காரர்கள் வந்து ஹோஸை விரித்தால்தான் எழுந்து எரிந்து அணையும் என்பதும் சித்திரை பிறப்பதற்குள் சிறுபிள்ளைகளுக்கும் தெரிந்துபோனது. ஐந்தாம் நம்பரை அணைக்கப் போனபோது பக்கத்து வேலியில் நின்ற ஆறாம் நம்பரும் சேர்ந்து எழுந்ததில் இன்னொன்றும் தெரிந்தது: ஒரு தெருவில் ஒன்றை எழுப்பினால் அந்தத் தெருவில் நிற்பதெல்லாம் எழும். இதற்கெல்லாம் காரணம் என்ன என்று யாரும் பெரிதாகக் கேட்கவில்லை. ஆஸ்பத்திரியில், ரேஷன் கடையில், தாலுகா ஆபீசில் எல்லாம் மனிதர்கள் காத்திருந்த ஊர் அது, தீயும் காத்திருந்தது.

மாவட்டத் தலைமையிடத்தில் இருந்தவர்கள் பங்குனி மாதக் கணக்கைப் பார்த்தார்கள். செந்தட்டிவிளையில் சேதம் மிகக் குறைவு, தாமதமாகப் போனாலும் சேதம் குறைவு. ஆகவே வரவேண்டிய ஆட்களை வேறு நிலையங்களுக்குத் திருப்பினார்கள், பழுதுபார்க்கப் போயிருந்த இரண்டாவது வண்டியைத் திருப்பி அனுப்பவில்லை, வி.ஐ.பி. யாராவது வந்து இறங்கும்போது ஹெலிபேடு ஓரமாக நிறுத்தக் கூப்பிடுவதற்கு இந்த வண்டியே தோதாக இருக்கிறது, இதன் ஊரில் தீ காத்திருக்கும் அல்லவா என்றும் எழுதினார்கள். அந்தக் கடிதம் வந்த நாளில் ஞானசிகாமணிக்குக் கோபம் வர வேண்டும் என்று தோன்றியது. வரவில்லை. பதினொரு வருடங்களில் முதல் முறையாக அவர் தொடர்ந்து ஆறு மணி நேரம் தூங்க ஆரம்பித்திருந்தார். பூட்ஸைக் கழற்றிவிட்டுத் தூங்கினார். யாரோ ஒருவர் வீட்டின் மேல் தீ நின்றுகொண்டிருக்கிறது என்ற நினைப்போடுதான் படுத்தார், ஆனாலும் தூங்கினார்.

ஏழாம் நம்பர் தீ கீழத்தெருவில் தங்கபுஷ்பத்தின் ஓலைக்கூரை மேல் நின்றது. மின்கம்பி உரசித் தெறித்த பொறி. அவள் பனையோலைப் பெட்டி முடைந்து விற்பவள், புருஷன் இல்லை, ஒரே மகள் முத்துக்கனியைச் சாயல்குடிப் பக்கம் கட்டிக்கொடுத்திருந்தாள். முத்துக்கனிக்கு முதல் பிள்ளை எட்டாம் மாதத்தில் தங்காமல் போனது. லாரித் தண்ணீர் பிடிக்க மாமியார் இரண்டு குடத்தோடு அனுப்பிய மறுநாள் அது நடந்தது. இப்போது இரண்டாவது. எப்படியாவது ஏழு முடிந்த கையோடு மகளைத் தன் வீட்டுக்குக் கூட்டிவந்துவிட வேண்டும் என்பதைத் தவிரத் தங்கபுஷ்பத்துக்கு அந்த வருடம் வேறு எண்ணம் இல்லை. ஆனி முதல் வெள்ளிக்கிழமை நல்ல நாள் என்று குறித்திருந்தார்கள். அதற்குப் பிறகு பயணம் கூடாது. சம்பந்தியம்மாள் போனில் சொன்னாள்:

“தலைக்கு மேல தீ நிக்கிற வீட்டுக்கு மாசமா இருக்கவள அனுப்ப நாங்க என்ன கிறுக்கா? தீய அணைச்சிட்டுச் சொல்லுங்க. இல்லன்னா இங்கயே பெறட்டும். இங்க என்ன மனுசரு பெத்துக்கிடலயா?”

தங்கபுஷ்பம் தினமும் காலையில் மூன்று கிலோமீட்டர் நடந்து நிலையத்துக்கு வந்தாள். சித்திரை முழுக்க வந்தாள், வைகாசியிலும் வந்தாள். ஒரு வாரம் வண்டி ஹெலிபேடு ஓரத்தில் நின்றது. வர வேண்டியவர் வரவில்லை, ஆனாலும் நின்றது. அடுத்து தேரோட்டத்துக்குப் போனது. அடுத்து பம்பில் ஒரு உறுப்பு தேய்ந்துபோய், அதற்கு எழுதிப்போட்டு, வந்தது வேறு வண்டியின் உறுப்பாக இருந்து, அதைத் திருப்பி அனுப்பி, மீரானே ஊரில் ஒரு லேத்துப் பட்டறையில் உட்கார்ந்து கடைந்து வாங்கிப் பொருத்த இருபது நாள் ஆனது.

“அண்ணாச்சி, எழும்புங்க. ஏழாம் நம்பர் வந்திருக்கேன்” என்பாள் அவள், ஞானசிகாமணி படுத்திருக்கும் வாட்ச் ரூம் ஜன்னலில் தட்டி.

“வண்டி இல்லையேம்மா.”

“நேத்தும் இதத்தான் சொன்னிய.”

“நேத்தும் வண்டி இல்ல.”

அவள் வீட்டுக்குத் திரும்பி, அந்த வெளிச்சத்துக்கு அடியில் உட்கார்ந்து பெட்டி முடைவாள். இரவும் பகலும் ஒரே வெளிச்சம் என்பதால் அவள் கோழிகள் தூங்குவதை விட்டுவிட்டு, முட்டையிடுவதையும் விட்டுவிட்டு, முற்றத்தில் சும்மா நடந்துகொண்டிருந்தன.

இதற்குள் கீழத்தெரு வேறு தெருவாகிவிட்டது. பதநீர்க் காலம் அது. கீழத்தெருவில் வீட்டுக்கு வீடு கருப்பட்டி காய்ச்சும் கொட்டகை உண்டு. காலையில் இறக்கிய பதநீரைப் புளிப்பதற்குள் அகன்ற தாச்சியில் ஊற்றி, உச்சி சாயும்வரை விறகு தள்ளித் தள்ளிக் காய்ச்ச வேண்டும். விறகு கிடைப்பதுதான் பெரும் பாடு. தங்கபுஷ்பத்தின் கூரையை இரண்டு வாரம் பார்த்துக்கொண்டிருந்த எதிர்வீட்டு லிங்கத்துரை ஒருநாள் தன் கொட்டகையில் தாச்சிக்கு அடியில் ஒரு கை சுள்ளியைப் பற்றவைத்து, உடனே நிலையத்துக்குப் போன் செய்தார்.

“தீ எங்க பிடிச்சிருக்கு?”

“தாச்சிக்கு அடியில.”

“அடுப்பா?”

“அடுப்புன்னு நான் சொன்னனா? தீன்னுதான சொல்லுதேன். எழுதிக்கிடுங்க.”

எந்த அழைப்பையும் எழுதாமல் விடக்கூடாது என்பது விதி. எட்டாம் நம்பர் என்று எழுதினார்கள். ஒரு கை சுள்ளி ஆனி வரை எரியாமல் நின்று கொதிக்கவைத்தது. ஒரே வாரத்தில் கீழத்தெருவில் இருபத்திரண்டு நம்பர்கள் ஆயின. விறகு வெட்டப் போன பெண்கள் வீட்டில் இருந்தார்கள். அவர்கள் முதுகு நிமிர்ந்தது. அந்தத் தீயில் வெந்நீர் வைத்துச் சின்னப் பிள்ளைகளைக் குளிப்பாட்டினார்கள். யாராவது விருந்தாளி வந்தால், “இது எங்க பதிமூணாம் நம்பரு” என்று கூட்டிப்போய்க் காட்டினார்கள். வண்டிச் சத்தம் எங்காவது கேட்டால் மட்டும் தெரு முழுவதும் பேச்சை நிறுத்திவிட்டு, அது வேறு பக்கம் போகும்வரை நின்றது.

பம்ப் சரியான அன்று புதன்கிழமை. ஆனி முதல் வெள்ளிக்கு இரண்டு நாள். தங்கபுஷ்பம் வந்து ஜன்னலில் தட்டாமல் நேராக உள்ளே வந்து, ஞானசிகாமணியின் மேஜைக்கு முன் நின்றாள்.

“வண்டி நிக்குது.”

“நிக்குது.”

“பம்பு ஓடுது. மீரான் அண்ணன் சொன்னாவ.”

“ஓடுது. எம்மா, நான் சொல்லுதத கேளு. உன் வீட்ட அணைக்க வந்தா தெருவுல இருவத்திரெண்டும் எழும்பும். எங்கிட்ட அஞ்சு பேரு. வண்டியில இருக்க தண்ணி மூணு கூரைக்குக் காணும். மிச்சத்த நான் என்னத்த வச்சு அணைக்க?”

“அவிய கொளுத்துனத அவிய அணைக்கட்டும். எனக்கு தானா வந்தது.”

“அணைக்க முடியாதே. அது நம்பர்ல நிக்குது.”

“அப்ப நோட்டுல நம்பர அடிங்க.”

“கூப்பிட்டவுக கூப்பிட்டு, தீ இல்லைன்னு சொன்னாத்தான் அடிக்க முடியும். அடிச்சாச்சுன்னா சாதாரண அடுப்பு. ஒரு செம்புத் தண்ணியில அவியும். உன் நம்பர அடிச்சா கூரை மொத்தமும் பத்திக்கிடும்.”

“போய்ச் சொல்லுங்க அவியகிட்ட.”

ஞானசிகாமணி மேஜையைப் பார்த்தார். இரண்டு மாதமாக அவருக்கு இது தெரியும், போய்ச் சொல்லியிருக்கலாம். போகாதவரை யாருக்கும் எதுவும் எரியாது என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு, தூங்கியிருந்தார்.

“அண்ணாச்சி” என்றாள் தங்கபுஷ்பம். “அவளுக்கு மொதல்ல பொறந்தது பொண்ணு. நகம்கூட இருந்துச்சு. நாந்தான் கையில வாங்குனேன்.”

அவர் மறுநாள் கீழத்தெருவுக்குப் போனார், சீருடை போடாமல், சாரத்தைக் கட்டிக்கொண்டு, தீ எதுவும் தன்னை அடையாளம் கண்டுவிடக் கூடாது என்பதுபோலத் தெருவின் ஓரமாக நடந்து. லிங்கத்துரையின் கொட்டகையில் எல்லாரும் கூடினார்கள். தாச்சியில் பாகு பொங்கிக்கொண்டிருந்தது. அவருக்கும் ஒரு சிரட்டையில் கொடுத்தார்கள்.

“ஆடி பொறக்கட்டும், அண்ணாச்சி” என்றார் லிங்கத்துரை. “பாளை ஓஞ்சதும் நாங்களே போன் போட்டு நம்பர அடிச்சிருதோம். இன்னும் முப்பது நாளு. நீங்களும் சும்மாதான இருக்கிய.”

“அந்தப் பிள்ளைக்கு நாளைக்கு நாளு.”

“எங்க வீட்டுல கொண்டுவந்து வைக்கச் சொல்லுங்க. நாங்க பாத்துக்கிட மாட்டமா?”

“ஒங்க வீட்டுலயும் தீதானய்யா நிக்குது” என்றாள் பின்னாலிருந்து ஒரு பெண். சிலர் சிரித்தார்கள்.

ஞானசிகாமணி சிரட்டையைக் கீழே வைத்தார். “நாளைக்குப் பத்து மணிக்கு வருவோம். அதுக்கு முன்னால கூப்பிட்டு நம்பர அடிச்சிக்கிடுங்க. அடிக்காதவுக சாமான வெளிய எடுத்து வச்சிக்கிடுங்க” என்று சொல்லிவிட்டு எழுந்தார். யாரும் நம்பவில்லை என்பது முகங்களில் தெரிந்தது. சொன்ன நாளில் அந்த வண்டி வந்து அவர்கள் பார்த்ததே இல்லை.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பதரை வரை மூன்று பேர் கூப்பிட்டார்கள். மூன்று நம்பரை அடித்தார்கள். நிலையத்தில் விட்டுப்போக ஆள் இல்லாததால், வரும் அழைப்பெல்லாம் தன் கைபேசிக்கு வரும்படி மாற்றிவிட்டு, ஞானசிகாமணி மற்ற நான்கு பேரோடும் கிளம்பினார். தெருமுனையில் லிங்கத்துரையும் முப்பது நாற்பது பேரும் ஒரு டிராக்டரைக் குறுக்கே போட்டு நின்றார்கள்.

“போக விட மாட்டோம்.”

“வண்டி போகாண்டாம்” என்றார் ஞானசிகாமணி. இறங்கினார். குரலை உயர்த்தக்கூட அவருக்குத் தெம்பு இல்லை. “நாங்க நடந்து போறோம்.”

மீரானை வண்டியில் விட்டுவிட்டு, நான்கு பேரும் தூக்கிப்போகும் சின்னப் பம்பையும் இரண்டு ஹோஸ் சுருளையும் தோளில் ஏற்றிக்கொண்டு கூட்டத்துக்குள் நுழைந்தார்கள். வண்டியை எப்படி நிறுத்துவது என்று யோசித்து வைத்திருந்த ஊர், நடந்து வருபவர்களை எப்படி நிறுத்துவது என்று யோசிக்கவில்லை. கைக்கு எட்டும் தூரத்தில், வெயிலில், அந்தக் கனத்தைத் தூக்கிக்கொண்டு, மூச்சு வாங்கிக்கொண்டு, ஒவ்வொரு இருபதடிக்கும் கீழே வைத்துத் தோள் மாற்றிக்கொண்டு போன நான்கு பேரை, பிடித்துத் தள்ளுவதற்கு யாருக்கும் கை வரவில்லை. பழக்கதோஷத்தில் ஒருவர் பம்பின் ஒரு முனையைப் பிடித்துக்கூட விட்டார். பிறகு வெட்கப்பட்டு விட்டுவிட்டார்.

தங்கபுஷ்பத்தின் முற்றத்துக் கிணற்றில் குழாயை இறக்கினார்கள். ஹோஸை விரித்தார்கள். கூரை மேல் இரண்டு மாதம் பத்து நாள் நின்ற தீ எழுந்தது. அது எழுந்த சத்தம் பெரிய துணியை உதறுவதுபோலத் தெரு முழுக்கக் கேட்டது. அடுத்து எதிர்வீட்டில், அடுத்து அதற்கடுத்த வீட்டில், பதிமூன்று, பதினான்கு, பதினெட்டு என்று ஒன்றன்பின் ஒன்றாக எழுந்து, தாச்சிகளுக்கு அடியிலிருந்து கொட்டகைச் சாய்ப்புக்கும், சாய்ப்பிலிருந்து கூரைக்கும் ஏறின. இத்தனை நாள் தின்னாதிருந்த பசி அவற்றுக்கு இருந்தது. டிராக்டரைக் குறுக்கே போட்டவர்களே அதை இழுத்து ஓரம் தள்ளினார்கள். மீரான் வண்டியை உள்ளே கொண்டுவந்தபோது தங்கள் வீட்டுப் பக்கம் இழுக்க முப்பது கைகள் அதன்மேல் விழுந்தன.

லிங்கத்துரை ஓடிவந்து ஞானசிகாமணியின் கையிலிருந்த ஹோஸைப் பிடித்து இழுத்தார். “எங்க வீட்டுக்குத் திருப்புங்க! கொட்டகை போயிட்டு, வீடு பிடிக்கப்போவுது!”

தங்கபுஷ்பத்தின் கூரையில் பாதி அணைந்திருந்தது. ஞானசிகாமணி ஒரு கணம் எதிர்வீட்டைப் பார்த்தார். ஹோஸின் முனை அந்தப் பக்கமாக லேசாகத் திரும்பியது. அப்போது தங்கபுஷ்பம் வந்து, அவருக்கும் லிங்கத்துரைக்கும் நடுவில் தரையில் கிடந்த ஹோஸின் இரண்டு பக்கமும் காலை ஊன்றி நின்றாள்.

“ஏழு முடியட்டும்” என்றாள்.

“ஏட்டி, நீ மனுசிதானா?”

“ஏழு முடியட்டும். பெறவு நானும் வாறேன்.”

ஏழு முடிய இன்னும் ஆறு நிமிடம் ஆனது. அந்த ஆறு நிமிடத்தில் லிங்கத்துரையின் வீட்டு முன்பக்கம் போனது. பிறகு அவள் சொன்னபடியே வந்தாள்; பம்பின் ஒரு பக்கத்தைத் தூக்கினாள், வீடு வீடாகத் தூக்கினாள், சேலை கருகத் தூக்கினாள். பின்தெருவில் பொறி பறந்து பற்றிய தன் கொட்டகையிலிருந்து யாரோ ஒருவர் பதறிப்போய் நிலையத்துக்குப் போன் செய்தார்; ஞானசிகாமணியின் சட்டைப்பையில் மணி அடித்தது; அவர் ஹோஸைப் பிடித்தபடியே, “எழுதிக்கிட்டேன், இருவத்தொம்பது” என்று கத்தினார். தீ நிற்கவில்லை. இருபத்தொன்பதாம் நம்பர் அவர்கள் கண்முன்னால் எல்லாத் தீயையும் போல எரிந்து விழுந்தது. அதைப் பார்த்துக்கொண்டு நின்ற எல்லாருக்கும், இனி எதுவும் காத்திருக்காது என்பது புரிந்தது. புரிந்ததைப் பற்றிப் பேச அப்போது யாருக்கும் நேரமில்லை.

இரண்டரை மணிக்கு எல்லாம் அடங்கியது. பதினாறு கொட்டகைகள், இரண்டு வீடுகள். உயிர் எதுவும் போகவில்லை. தெரு முழுக்கக் காந்திய பாகின் வாடை. லிங்கத்துரை தன் தாச்சி கிடந்த இடத்தில் குந்தி உட்கார்ந்து, அது ஆறட்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தார். தங்கபுஷ்பம் முகத்தைக் கழுவிக்கொண்டு சம்பந்தி வீட்டுக்குப் போன் செய்தாள். “அணைஞ்சாச்சு” என்றாள்.

அவள் வீட்டின் கூரையில் பாதி மிஞ்சியிருந்தது. அந்தப் பாதிக்கு அடியில் தரை ஈரமாக, குளிர்ச்சியாக இருந்தது. தண்ணீர் குடிக்கவென்று உள்ளே வந்த ஐந்து பேரும் செம்பு ஒரு சுற்று வருவதற்குள் தூங்கிப்போனார்கள். மீரான் சுவரில் சாய்ந்தபடி, மற்ற மூவர் பூட்ஸைக் கழற்றாமல், ஞானசிகாமணி வாசலுக்கு நேராக மல்லாந்து. கைபேசியை நனையாமலிருக்க மாடத்தில் வைத்திருந்தார். எதிரே வீடில்லாமல் போன பெண்களில் சிலர் வந்து எட்டிப்பார்த்தார்கள், ஏதோ கேட்க வந்தவர்கள் கேட்காமல் திரும்பினார்கள். கோழிகள் மட்டும் உள்ளே வந்து, இருட்டாக இருந்த மூலையைக் கண்டுபிடித்து, உட்கார்ந்தன.

நாலு மணிக்கு வேன் வந்தது. முத்துக்கனி வயிற்றை ஒரு கையால் தாங்கிக்கொண்டு இறங்கி, தெருவைப் பார்த்தாள், தாயைப் பார்த்தாள், வாசலில் கிடந்த ஆளைப் பார்த்தாள்.

“யாரும்மா இவிய எல்லாம்?”

“மெதுவா வா. மிதிச்சிராத. அந்தப் பக்கம் காலு வை.”

முத்துக்கனி ஞானசிகாமணியைச் சுற்றிக்கொண்டு, சுவரைப் பிடித்து, உள்ளே வந்து, காய்ந்த இடமாகப் பார்த்து உட்கார்ந்தாள். தங்கபுஷ்பம் அவள் காலை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். வீங்கியிருந்தது. அதைப் பிடித்துவிட ஆரம்பித்தபோது மாடத்தில் மணி அடித்தது.

ஐந்து பேரில் ஒருவரும் அசையவில்லை. அவள் எழுந்து போய் எடுத்தாள்.

“தீயணைப்பு ஆபீசா? இங்க வடக்குவிளைப் பள்ளிக்கூடத்துக்குப் பொறத்தால பனங்காட்டுல—”

“நிக்குதா, எரியுதா?”

“எரியுதும்மா! காத்து வேற அடிக்குது! வீட்டுப் பக்கம் வருது!”

“இந்தா வாறாவ” என்று சொல்லி வைத்தாள்.

ஞானசிகாமணியின் வாய் லேசாகத் திறந்திருந்தது. புருவம் இரண்டும் கருகிப்போயிருந்தன. அவள் அவர் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தாள், கையைக் கொண்டுபோனாள், தொடாமல் ஒரு மூச்சு நேரம் வைத்திருந்தாள். பிறகு தோளைப் பிடித்து உலுக்கினாள். அவர் கண்ணைத் திறக்கவில்லை.

“என்ன நம்பரு?” என்று கேட்டார்.

“நம்பர் இல்ல அண்ணாச்சி” என்றாள் தங்கபுஷ்பம். “எரியுது.”